தூணில் ஓர் ஆயத்து

என் மகளின் பிரசவத்துக்காக நான் வெளிநாடு போயிருந்தபோது, பூந்தமல்லியில் எங்கள் பக்கத்து வீட்டு பாய் இறந்துபோனார்.

மகளும் மருமகனும் அப்போது இத்தாலிக்குத் தெற்கே சிசிலித் தீவில், பலெர்மோ என்ற துறைமுக ஊரில் இருந்தார்கள். மருமகனுக்கு அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. பேத்தி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். விடிந்தும் விடியாத நேரத்தில் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. பாயின் மகன்.

"அத்தா பூட்டாரு டீச்சரு," என்றான். "பட்டறைல சேர்ல ஒக்காந்துகினு இருந்தாரு. அப்டியே சாஞ்சிட்டாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி."

அன்று மாலையே அடக்கம் என்றான். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். போன் கை மாறியது தெரிந்தது. பின்னால் யாரோ ஓதும் குரல், நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம். அவருடைய மூச்சு மட்டும் என் காதுக்கு அருகில் கேட்டது. கடைசியில் அவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"நீங்க இல்லியே டீச்சரு."

அதோடு இணைப்பு போய்விட்டது.

பாயின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் என்பதால் அவருக்கு நான் எப்போதும் டீச்சர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், தண்ணீருக்கு ஒரே போர். விடியற்காலைத் தொழுகை முடித்து வந்ததும் பாய் மோட்டாரைப் போடுவார். அந்தச் சத்தத்தில்தான் நான் எழுந்திருப்பேன். மாலையில் என் வீட்டுக் கூடத்தில் டியூஷன் நடக்கும். அவர் வீட்டுக் கூடத்தில் தெருவிலுள்ள முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கு அக்கா குர்ஆன் ஓதிக் கொடுப்பார். என் பிள்ளைகளின் வாய்ப்பாடும் அவருடைய பிள்ளைகளின் ஓதலும் சுவரைத் தாண்டி ஒன்றோடொன்று மோதும். யார் குரல் ஓங்குகிறது என்று பிள்ளைகளுக்குள் போட்டிகூட உண்டு.

என் கணவர் காலமானபோது என் பக்கத்து உறவுகள் எல்லாம் நாசரேத்திலும் தூத்துக்குடியிலும் இருந்தார்கள். அவர்கள் வந்து சேரும் வரை எல்லாவற்றையும் பார்த்தவர் பாய்தான். பெட்டி சொல்லி, வண்டி பிடித்து, எங்கள் ஆயருக்குத் தகவல் சொல்லி, குழி வெட்டுகிறவர்களோடு வெயிலில் நின்றார். அக்கா மூன்று இரவு என் வீட்டிலேயே படுத்திருந்தார். இப்போது அவர் வீட்டில் சாவு. நான் கடல் தாண்டி உட்கார்ந்து பிறந்த குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு விஷயம் தெரிந்ததும் அழுதாள். பாயின் தோளில் ஏறி வளர்ந்தவள் அவள். பச்சை உடம்பு, அழாதே என்று அவளைத் தேற்றுவதில் அந்த நாள் போயிற்று. மறுநாள் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சமையலறையில் எதை எடுக்க வந்தேன் என்று தெரியாமல் நின்றேன். மருமகன் பார்த்துவிட்டு, குழந்தையைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், நான் கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வரலாம் என்றும் சொன்னார். தெரு முனையில் திரும்பினால் அந்த ஊரின் பெரிய தேவாலயம் இருக்கிறது, வழி தவறவே தவறாது என்றார்.

அப்படித்தான் அங்கே முதல்முறை போனேன். அதுவரை ஜன்னலிலிருந்து அதன் கோபுரங்களை மட்டும் பார்த்திருந்தேன். கிட்டப் போனதும் இது தேவாலயமா கோட்டையா என்று இருந்தது. தேன் நிறக் கல்லில் நீண்டு கிடக்கும் கட்டடம். மேல் விளிம்பு முழுக்கக் கோட்டை மதில் போலப் பல் பல்லாக வெட்டியிருந்தது. பின்பக்கச் சுவரில் வளைவுக்குள் வளைவு புகுந்து பின்னிக்கொண்டு போனது. இடையிடையே கருங்கல் பதித்துப் பூவும் நட்சத்திரமும் செய்திருந்தார்கள். நான் பார்த்த எந்த சர்ச்சிலும் அப்படி இல்லை. சென்னையில் பழைய பள்ளிவாசல்களின் முகப்பில் அதைப் போலப் பார்த்திருக்கிறேன். உள்ளே போனால் வேறு கதை. எல்லாம் பிற்காலத்தில் மாற்றிவிட்டார்களாம். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தூண், பெரிய அமைதி. எங்கள் ஊர் சர்ச்சும் சுண்ணாம்பு வெள்ளைதான். அதனால் என்னால் உட்கார முடிந்தது.

பாய்க்காக ஜெபம் செய்யலாம் என்று கண்ணை மூடினேன். எனக்குத் தெரிந்த ஜெபங்களெல்லாம் என் கணவருக்குச் சொன்னவை. பாயை எந்த வார்த்தையில் ஒப்படைப்பது என்று தெரியவில்லை. கர்த்தாவே, அவரைப் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அந்த வாரம் முழுக்க தினமும் போனேன். வெயில் ஏறியதும் தள்ளுவண்டியில் பேத்தியைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போவேன். சர்ச்சின் தெற்குப் பக்கத்தில் ஈச்ச மரம் நிற்கும் திறந்த வெளி ஒன்று உண்டு. அங்கே கல் இருக்கையில் உட்கார்ந்து அக்காவுக்கு வீடியோ கால் போடுவேன். நம் ஊரில் அப்போது பிற்பகல், லுஹர் தொழுகை முடிந்திருக்கும் நேரம். அக்கா இத்தாவில் இருந்தார். கணவன் இறந்தால் அவர்களில் மனைவி நான்கு மாதத்துக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வராமல், நகை போடாமல், எளிய உடையில் இருப்பார். அதுதான் இத்தா. உள் அறையில், ஜன்னலுக்குத் திரை போட்ட மங்கல் வெளிச்சத்தில் அவர் முகம் தெரியும். மூக்குத்தி இல்லாத மூக்கு எனக்குப் பழகவே இல்லை.

அவர் அதிகம் பேசமாட்டார். நான்தான் குழந்தையைக் காட்டுவேன், மரத்தைக் காட்டுவேன், குதிரை வண்டி போனால் காட்டுவேன். அவர் பார்ப்பார். சாப்பிட்டீர்களா என்றால் தலையாட்டுவார். மகனிடம் தனியாகக் கேட்டபோது, அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, ஓதுவதும் இல்லை என்றான். எனக்கு அது பயமாக இருந்தது. காலையில் எழுந்தால் ஓதல், அடுப்பில் பால் பொங்கும்போது ஓதல், மாலையில் பிள்ளைகளோடு ஓதல் என்றிருந்தவர். அடுத்த நாள் நேராகவே கேட்டேன்.

"தொழுவறேன் டீச்சரு. அது கைகால் பாட்டுக்குச் செய்யுது," என்றார். "குர்ஆன எடுத்தா எழுத்து தெரியுது, வாய் வர மாட்டேங்குது. புள்ளைங்கள வர வாணாம்னு சொல்லிட்டேன்."

என் கணவர் போன பிறகு ஒரு வருஷம் நான் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவில்லை. அதை அவருக்கு நினைவுபடுத்தினேன். "நீங்க பாடாம இருந்தீங்க. நான் ஓதாம இருக்கறது பாவம் டீச்சரு," என்றார். அதற்கு மேல் அதைப் பேச அவர் விரும்பவில்லை.

தூணைக் கண்டது அதற்குச் சில நாள் கழித்து. அன்று சின்ன மழை பிடித்துக்கொண்டது. தள்ளுவண்டியைத் தெற்கு வாசல் மண்டபத்துக்குள் ஏற்றினேன். மூன்று கூரான வளைவுகள், அவற்றைத் தாங்கும் தூண்கள். பேத்தி சிணுங்கினாள். அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இடது ஓரத் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். அண்ணாந்தபோது கல்லில் கட்டம் போட்டதுபோல ஓர் இடத்தில் எழுத்து தெரிந்தது. லத்தீனாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், வலமிருந்து இடமாகப் போகிற, கொடி போல நீண்டு எழுகிற எழுத்து. எனக்கு அரபி வாசிக்கத் தெரியாது. ஆனால் இருபத்தைந்து வருஷம் அக்கா வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்ட ஆயத்துகளுக்கு, அதாவது குர்ஆன் வசனங்களுக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்தவள். அரபி எழுத்தைப் பார்த்தால் தெரியும்.

சர்ச் வாசலில் அரபி இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? உள்ளே பூசைக்குப் போகிறவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள். அவர்களுக்கு அது பிறந்ததிலிருந்தே அங்கே இருப்பது.

உடனே அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, இது அரபி தானே, பாருங்க," என்று கேமராவைத் திருப்பினேன்.

அக்கா திரைக்கு அருகே குனிந்தார். பிறகு, "கிட்ட காட்டுங்க," என்றார். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் போன். எட்டினவரை உயர்த்தினேன். தோளில் குழந்தை நெளிந்தது.

"ஆட்டாதீங்க டீச்சரு. கொஞ்சம் ரைட்ல. பழங்காலத்து எழுத்தா கீது, புள்ளியே தெரியல... இருங்க."

திரையில் அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வது தெரிந்தது. போனை முகத்தோடு ஒட்டிப் பிடித்தார். அவர் நெற்றி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. வாய்க்குள் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார். தவறிவிட்டது போல, மறுபடி ஆரம்பித்தார். பிள்ளைகளுக்கு முதல் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது எழுத்து எழுத்தாகச் சொல்வாரே, அதே மாதிரி. 'ஸமாவாத்தி' என்று ஒரு சொல் தெளிவாக வந்தது. அதை இரண்டு முறை சொன்னார். அப்புறம் நின்றுவிட்டார்.

பிறகு ஓத ஆரம்பித்தார். கல்லைப் பார்த்துக் கூட்டவில்லை, மனப்பாடமாக, ஆரம்பத்திலிருந்து. முதலில் குரல் கரகரத்தது. பாதியில் தெளிந்தது. அந்தக் கல் மண்டபத்தில் என் போனிலிருந்து பூந்தமல்லிக் குரல் எழுந்து வளைவுகளில் பட்டுத் திரும்பியது. குடையை உதறிக்கொண்டிருந்த ஒரு முதியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். போனை அணைக்கச் சொல்வாரோ என்று பயந்தேன். அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தோளில் பேத்தி தூங்கிவிட்டாள்.

ஓதி முடித்ததும் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கேட்டேன், என்ன அர்த்தம் என்று.

"வானத்தையும் பூமியையும் படைச்சவன்தான் உங்க ரப்பு, உங்க ஆண்டவன்னு வருது. ராத்திரிய எடுத்து பகல மூடறான். பகல் பின்னாலயே ராத்திரி ஓடுது, வுடாம ஓடுது. சூரியன், சந்திரன், நட்சத்திரம் எல்லாம் அவன் சொன்னபடி கேக்கும்." மூச்சு வாங்கினார். "இது பள்ளிவாசலா டீச்சரு, சர்ச்சா?"

"இப்போ சர்ச், அக்கா."

"அப்போ யாரும் இத செதுக்கித் தள்ளலியா?"

"இல்ல. அப்படியே இருக்கு."

"ஏன்?"

எனக்குத் தெரியவில்லை. மருமகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அன்று மாலை மருமகன் சொன்னார். அந்த இடத்தில் முதலில் ஒரு சர்ச் இருந்ததாம். அரபியர் ஆட்சிக்கு வந்தபோது அது பள்ளிவாசலாயிற்று. பிறகு வடக்கிலிருந்து நார்மானியர் படையோடு வந்து ஊரைப் பிடித்து மறுபடி சர்ச் ஆக்கினார்கள். ஆனால் கட்டடம் கட்ட அந்த ஊர் முஸ்லிம் கைவினைஞர்களையே வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் அந்த ஊரில் தேவாலயங்களுக்குச் சிவப்புக் குமிழ்க் கூரையும், அரச குடும்பத்தின் ஆலயத்துக்குத் தேன்கூடு போல மரத்தில் கொத்திய மேற்கூரையும் இருக்கின்றன என்றார். அந்தத் தூண் பழைய பள்ளிவாசலிலிருந்து வந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் சர்ச் ஜன்னல் ஞாபகம் வந்தது. அதன் கிரில் முழுவதும் பாய் பட்டறையில் செய்தது. சிலுவை வைத்துச் செய்யுங்கள் என்று ஆயர் கேட்டிருந்தார். பாய் எட்டு முனை நட்சத்திரங்களாகப் பின்னி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிறு சிலுவை வைத்துக் கொண்டுவந்தார். பள்ளிவாசல் டிசைன் மாதிரி இருக்கிறதே என்று சபையில் சிலர் முணுமுணுத்தார்கள். வெல்டிங் வேலைக்கு இதுதான் கெட்டி என்று பாய் சொல்லிவிட்டார். மூன்று ஞாயிறு கழிந்ததும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் நான் கூப்பிடும் முன்பே அக்கா கூப்பிட்டார். தூணை இன்னொரு தடவை காட்டச் சொன்னார். அதற்கு அடுத்த நாளும். முதல் நாள் விட்டுப்போன எழுத்துகளைத் தேடிக் கண்டுபிடித்தார். ஒருநாள் அவருடைய நாத்தனார் பக்கத்தில் இருந்தார். இத்தாவில் இருக்கிறவள் சர்ச்சைப் பார்ப்பதா என்று அவருக்கு மனசுக்கு ஆகவில்லை. "அவங்க ஜெயிச்சிட்டாங்கன்னு காட்டறதுக்கு வெச்சிருப்பாங்க. அத போயி பாத்துகினு கீற," என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஜெயித்தவர்கள் எதை எதற்காக விட்டு வைக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அக்கா கோபப்படவில்லை. "எதுக்கு வெச்சாங்களோ அண்ணி, வெச்சவங்களும் போயிட்டாங்க, செதுக்குனவங்களும் போயிட்டாங்க. ஆயத்து கீது. நான் ஓதனேன். எனுக்கு வாய் வந்துச்சி," என்றார்.

அந்த வாரக் கடைசியில் பெண்பிள்ளைகளை மறுபடி வரச் சொல்லிவிட்டதாக மகன் போனில் சொன்னான். உள் அறையிலேயே ஜமக்காளம் விரித்து ஓதிக் கொடுக்கிறாராம். அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டாங்க என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

விசா முடிந்து நான் பூந்தமல்லி வந்தபோது அவருடைய இத்தா இன்னும் முடியவில்லை. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேராக அவர் வீட்டுக்குள் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை எனக்கு விழிப்பு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. விடியலில் மோட்டார் போட யாரும் இல்லை, பாயின் மகன் பகலில்தான் போடுவானாம், தொட்டியில் தண்ணீர் இல்லை. பாய் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. வெற்றுக் குழாயடியில் நின்று அழுதேன். அன்றிலிருந்து மோட்டார் என் பொறுப்பாயிற்று.

இத்தா முடிந்த மறுநாள் அக்கா என்னைக் கேட்டார், கபர்ஸ்தான் வரை கூட வருகிறீர்களா என்று. அவர்களில் பெண்கள் அடக்க இடத்துக்குள் போவது வழக்கமில்லை. வாசலோடு நின்றுவிடுகிறேன் என்றார். மகன் ஆட்டோ கொண்டுவந்தான். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட டிரங்க் ரோட்டில் தூசியும் நெரிசலுமாக ஊர்ந்து போனோம். அத்தனை மாதம் கழித்துத் தெருவைப் பார்க்கிறவர். ஆனால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் இறங்கி நின்றோம். மகன் உள்ளே போய் அத்தாவின் மண்மேட்டுக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்கிக் காட்டினான். அவன் உருவம் தெரிந்தது, மண் தெரியவில்லை. அக்கா எட்டிப் பார்த்தார். "உங்க ஜெபத்த நீங்க சொல்லுங்க டீச்சரு. நான் யாசீன் ஓதறேன்," என்றார். இறந்தவர்களுக்காக ஓதும் குர்ஆன் அத்தியாயம் அது. நான் கண்ணை மூடினேன். இந்த முறை வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை. என் கணவர் அடக்கத்தில் சொன்னதையே பாய்க்கும் சொன்னேன். பக்கத்தில் அவர் குரல் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

முடிந்ததும் உடனே கிளம்பவில்லை. எதிரே மூடிக்கிடந்த கடையின் படியில் உட்கார்ந்தோம். அவர் அந்த நாளைச் சொல்ல ஆரம்பித்தார். காலையில் பாய் என்ன சட்டை போட்டார், நாஷ்டாவுக்கு என்ன கேட்டார், பட்டறையிலிருந்து ஆள் ஓடி வந்தது, யார் குளிப்பாட்டினார்கள், கஃபன் துணியைச் சுற்றுவதற்கு முன் தான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது, தூக்கும்போது தெரு எவ்வளவு நிறைந்திருந்தது. ஒன்றையும் விடாமல், அவசரப்படாமல் சொன்னார். யாரிடமும் இதையெல்லாம் சொல்லவில்லை, எல்லோரும் கூடவே இருந்ததால் சொல்ல ஆள் கிடைக்கவில்லை என்றார். நெற்றி எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன்.

"சில்லுனு இருந்துச்சி டீச்சரு," என்றார். அப்போது அழுதார். நானும்.

மகன் வந்து கொஞ்ச தூரத்தில் நின்றான். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அசர் தொழுகைக்கு நேரமாகிறது, அதற்கப்புறம் பிள்ளைகள் வந்துவிடும் என்று ஆட்டோவில் ஏறினார்.